விருந்தினர் பக்கத்தில் பன்னிரண்டு பேர்

“திரு. எஸ். மாணிக்கம், விளம்பர இயக்குநர். கணினித் துறையில் பத்தாண்டு அனுபவம். உலகப் பயணிகளோடு நேரடித் தொடர்பு.” ஏற்காட்டு லாட்ஜ் ஒன்றின் இணையதளத்தில் ஆங்கிலத்தில் இப்படிப் போட்டிருக்கிறது.

அந்த இயக்குநர், அதாவது சூசைமாணிக்கம், ஒண்டிக்கடை நிறுத்தத்தில் சேலம் பஸ்ஸுக்காக நிற்கிறார். வயது அறுபத்தொன்று. தலையில் மப்ளர், கக்கத்தில் குடை, குமட்டலுக்கு வாயில் ஒரு கிராம்பு. கம்ப்யூட்டரை முதன்முதலாகத் தொட்டது இந்த வருடம், தொண்ணூற்றொன்பது தை மாதத்தில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார். மலைக்கு இன்டர்நெட் இன்னும் ஏறவில்லை. ஆகையால் புதன்கிழமைதோறும் கொண்டை ஊசி வளைவுகளில் இவர் இறங்கிப் போய், சேலத்தில் தேவகுமாரி நடத்தும் பிரவுசிங் சென்டரில், ஒற்றை விரலால் உலகத்தைத் தட்டிக் கூப்பிடுகிறார்.

கூப்பிடுவது அவருக்குப் பழகிய வேலைதான். முப்பத்திரண்டு வருடம் காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். காலையில் பெயர் வாசிப்பார். ஆள் எதிரில் நின்று “வந்தனுங்க” என்றால்தான் வருகை ஏட்டில் கோடு போடுவார். அதே எஸ்டேட்டில் காப்பி பறித்த மனைவி மரியபுஷ்பம் பிரசவ வலியில் கிடந்த அன்று அவளுக்கும் ஆப்சென்ட். “ஆள் வல்லீங்களே” என்று இன்றைக்கும் நியாயம் பேசுவார். எஸ்டேட் கைமாறியதும் குடியிருந்த வீடும் போயிற்று. லாட்ஜ் முதலாளி ராஜேந்திரன்தான் பின்கட்டில் ஓர் அறை கொடுத்து இருவரையும் தங்க வைத்தார்.

ராஜேந்திரனுக்கும் நெருக்கடி. “ஒலகத்துக்கே போர்டு வெச்சிருக்கறம், ஒரு ஈ கூட எட்டிப் பாக்கலீங்களே ரைட்டருங்க! மே மாசத்துக்குள்ள ரூம் நெறையலீன்னா லாட்ஜக் குடுத்துட்டு நான் சேலத்துக்கு எறங்கீருவேன். அப்பறம் நீங்களும் அக்காளும் எங்கீங்க போவீங்க?”

வழி சொன்னவர் தேவகுமாரி. “விருந்தினர் பக்கம்னு ஒண்ணு இருக்குதுங்கய்யா. தங்கினவங்க நாலு வார்த்தை நல்லதா எழுதோணும். அதப் பாத்துத்தான் மத்தவங்க வருவாங்க.”

“தங்கினவங்களே இல்லியேம்மா.”

“நீங்களே எழுதிப் போடுங்க. ஊர் ஒலகத்துல அப்பிடித்தான். வெள்ளக்காரப் பேரா இருந்தா நொம்ப விசேசம்.”

வராத ஆளுக்குக் கோடு போடுவதா? ஒரு வாரம் தள்ளிப் போட்டார். பிறகு ஒரு மத்தியானம் வெள்ளைக்காரர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். அங்கே இருப்பவர்கள் மலைக்கு வந்தவர்கள், இன்னும் தங்கியிருப்பவர்கள். ஒவ்வொரு கல்லின் முன்னும் நின்று பெயரை உரக்க வாசித்தார், சற்றுப் பொறுத்தார், பிறகு எழுதிக்கொண்டார்.

புல் வெட்டிக்கொண்டிருந்த லாசர் அரிவாளை நிறுத்தினார். “ஏனுங்க ரைட்டருங்க, பதில் வருதுங்களா?”

“பதில் வேண்டாம் லாசரு. சம்மதமில்லீன்னா மட்டும் சொல்லட்டும்.”

யாரும் மறுக்கவில்லை. ஹெரால்ட் பிம் எழுதினார்: “நல்ல குளிர். வந்ததிலிருந்து ஆழ்ந்த உறக்கம்.” கேப்டன் லோம்: “திரும்பிப் போகவே மனம் வரவில்லை.” ஒரு சீமாட்டிக்கு அக்கம்பக்கத்துத் தொந்தரவு இல்லாதது பிடித்திருந்தது. மொத்தம் பதினொரு பேர். ஒரு சொல்லும் பொய்யில்லை என்பது சூசைமாணிக்கத்தின் கட்சி.

ஆட்கள் வந்தார்கள். பெங்களூரிலிருந்து, மதராஸிலிருந்து, கார் வைத்துக்கொண்டு. ஏப்ரல் பாதியில் ஓர் அறைதான் காலி. ஒழுகுவதால் அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். பெங்களூர்த் தம்பதி ஒரு காலையில் நல்ல பனிமூட்டத்தில் காப்பி குடித்தபடி விசாரித்தார்கள்: பக்கத்து அறை வெள்ளைக்காரப் பெரியவர் சாப்பிட வரமாட்டாரா? வராந்தாவில் நின்றாராம். வணக்கம் சொன்னால், தன் பெயரை மட்டும் சொன்னாராம்.

பக்கத்து அறை என்பது அந்தப் பூட்டிய அறை. சூசைமாணிக்கம் பூட்டை இழுத்துப் பார்த்தார். என்ன பெயர் என்று கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை விருந்தினர் பக்கத்தில் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசிப் பெயர் எடித் ஹோல்ரோ. “எல்லார் பெயரையும் வாசித்தீர்கள். என் பெயரை வாசிக்கவில்லை.”

“எங்கம்மா சத்தியமா நான் எழுதலீங்கய்யா” என்றார் தேவகுமாரி.

மறுநாள் பகல் இரண்டு மணிக்கு, சூசைமாணிக்கமும் லாசரும் கல்லறைத் தோட்டத்தின் கீழ்வரிசைக்குப் போனார்கள். அன்று வாசிக்க முடியாமல் போன ஒரே கல் அங்கே குப்புற விழுந்து கிடந்தது. லாசர் வேலைக்கு வருவதற்கு முன்பே விழுந்தது. எழுத்துள்ள முகத்தை யாரும் பார்த்ததில்லை. கடப்பாரை போட்டுப் புரட்டினார்கள். மண்ணைத் துடைத்தபோது முதலில் ‘ரோ’ தெரிந்தது. பிறகு முழுப் பெயரும் தெரிந்தது.

புதைக்கப்பட்டவர்களின் பதிவேடு சர்ச்சில் இருக்கிறது, குறும்புக்காரர் எவரும் பார்த்து எழுதியிருக்கலாம் என்று விளக்கம் சொல்ல வழி இருக்கிறது. லாசரிடம் சொல்ல வழியில்லை. அவர் கடப்பாரையை அப்படியே போட்டுவிட்டுக் கிளியூரில் தன் வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டார்.

சூசைமாணிக்கம் நேரே முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னார். “நான் எழுதுனதையெல்லாம் எடுத்தர்றனுங்க.”

“எடுத்தா வார்ற கூட்டம் நின்னு போகுமுங்க. பேயோ பிசாசோ, வாடகைக்கு ஆள் வருதா இல்லீங்களா?”

“அவீங்கள நான் கூப்புட்டிருக்கக் கூடாதுங்க.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. எடுத்த கையோட பின்னால ரூமையும் காலி பண்ணிக்குங்க.”

“ஆகட்டுங்க” என்றார். மரியபுஷ்பம் அன்றே பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கினார்.

புதன்கிழமை தேவகுமாரி பக்கத்தைத் திறந்து கொடுத்தார். “பன்னெண்டையும் ஒரே தட்டுல அழிச்சரலாங்களா அய்யா?”

“வேண்டாம்மா. அந்தம்மாளை நான் எழுதலே. அவீங்க தானா வந்தவீங்க.”

சூசைமாணிக்கம் தான் எழுதிய பதினொரு பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தார். பன்னிரண்டாவதை விட்டுவிட்டார்.