ஆள்காட்டி கத்தாத பக்கம்

சாத்தாங்காட்டில் பழைய இரும்பு விற்கிறவன் நான். கேபிளைக் கொளுத்தினால் உள்ளே இருக்கும் செம்பு கிடைக்கும். ஆனால் அது ஒளிந்து செய்கிற வேலை. ஒரு சித்திரை மதியம் நானும் என் கூட்டாளி ரஃபியும் எண்ணூர் ஆற்றோரப் புதர்க்காட்டுக்கு ஒரு சாக்குக் கேபிளோடு போனோம்.

எங்களைப் பார்த்ததும் ஓர் ஆள்காட்டிக் குருவி தரையில் ஓடி ஓடிக் கத்தியது.

"ஊரையே கூப்டுது மாமு. அது கத்தாத பக்கமா போலாம் வா," என்றான் ரஃபி.

எதிர்ப்பக்கம் அமைதியாக இருந்தது. அங்கே கொளுத்தினேன். திடீரென்று காற்று திரும்பி, காய்ந்த கோரையும் கருவேலமும் பற்றிக்கொண்டன. சட்டையைக் கழற்றி அடித்தேன். ரஃபி சாக்கை நனைத்துக்கொண்டு ஓடிவந்தான். எதற்கும் அடங்கவில்லை. கூடிழந்த குருவிகள் புகைக்குள் சுற்றிச் சுற்றி அலறின.

எரிய ஒன்றும் மிஞ்சாதபோதுதான் தீ அணைந்தது. கரிந்த தரையில் நான்கு முட்டைகள் வெடித்துக் கிடந்தன. அந்தக் குருவி எங்களைக் காட்டிக்கொடுக்கக் கத்தவில்லை. முட்டைகளிடமிருந்து எங்களைத் தள்ளி இழுத்துப்போகத்தான் கத்தியிருக்கிறது.

நாங்கள் விலகியதும் அது சூட்டைத் தணிக்க ஆற்றில் வயிற்றை நனைத்து வந்து, அந்த முட்டைகள்மேல் உட்கார்ந்தது. சூடு தாங்காமல் எழுந்து மறுபடியும் ஆற்றுக்குப் போனது. ஏழு முறை பார்த்தேன்.

"ஓடியா மாமு, ஆளுங்க வந்துகினு கீறாங்க!"

அன்றோடு கொளுத்துவதை விட்டுவிட்டேன். அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. எட்டாவது முறை அது ஆற்றுக்குக் கிளம்பியபோது, நான் ஓடிவிட்டேன்.