விரிசல் மேல் ஒட்டிய கண்ணாடி

என் மனைவிக்கு நகராட்சியில் வேலை. பழைய வீடுகளில் விரிசல் பார்க்கிற வேலை. வீட்டிலும் அதே கதைதான். சோற்றைப் பிசைந்தபடி விட்டத்தை அளந்துகொண்டிருப்பாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள். ஓரிடத்தில் உட்காரச் சொன்னால் ஏதோ தண்டனை கொடுத்த மாதிரி முழிப்பாள்.

அவள் பொறுப்பில் இருப்பது வாத்தியக்காரர்களின் தெரு. இருநூறு வருடத்து வீடுகள், செதுக்கிய மரக்கதவுகள், மாடிக்கு மாடி ஒரு வாத்தியம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கழுத்து வலிக்க அண்ணாந்து படம் எடுப்பார்கள். இவள் மட்டும் குனிந்து சுவரின் அடியைப் பார்ப்பாள்.

விரிசல் கண்ணில் பட்டால் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சாந்து பூசி, மேலே தேதி எழுதுவாள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அந்தத் தெருவில் ஏழாவது வீடு அவளுடைய அண்ணனுடையது. என் மைத்துனர் மேளக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் மாடிக் கூடத்தில் வாசிப்பார். நாற்பது பேர் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல் உண்டு. நாலு மாதமாகக் கண்ணாடி உடையவில்லை. சந்தோஷப்பட வேண்டியதுதானே? நிம்மதி அவள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது. வாரா வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பாள்.

அந்தச் சனிக்கிழமை ஆட்கள் மேலே போய் உட்கார்ந்த பிறகு கண்ணாடியை விரலால் அழுத்தினாள். அது வழுக்கி நகர்ந்தது. சாந்து இல்லை, கோந்து, இன்னும் காயவில்லை. கீழே நின்ற அண்ணன் மனைவியிடம் கேட்டாள்.

"அண்ணி, இதை யாராவது தொட்டாங்களா?"

"உடைஞ்சு கிடந்துச்சு. நான்தான் மாத்தினேன்."

"மாத்தினீங்களா?"

"பல்பு போனா மாத்தறதில்லையா? வர்றவங்க கண்ணுல உடைஞ்ச கண்ணாடி பட்டா நல்லாவா இருக்கும்? நீ எழுதின தேதியையும் பார்த்து அப்படியே எழுதிட்டேன்."

"எத்தனை தடவை?"

அண்ணி விரல்விட்டு எண்ணினார். "மூணு... இல்ல, நாலு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் வந்த வழியே போய்விட்டது. மேலே மேளம் ஆரம்பித்தது.

அவள் விறுவிறுவென்று மாடியேறிப் போய் மேளத்தின் தோல்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"நிறுத்துங்கண்ணே. எல்லாரும் ஒவ்வொருத்தரா மெதுவா கீழே இறங்குங்க. யாரும் ஓட வேணாம்."

மைத்துனர் கடைசியாகத்தான் இறங்கினார். வாசலில் நின்று கேட்டார். "முப்பது வருஷமா நானே அடிச்சு அடிச்சு என் வீட்டை இடிச்சிருக்கேன். அதானே சொல்ற?"

அவளுக்கும் அந்தப் பயம்தான். புதுக் கண்ணாடியைச் சாந்து வைத்து ஒட்டினாள், கதவைப் பூட்டினாள், இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள்.

மைத்துனர் மேளத்தைத் துணியில் சுற்றி எங்கள் அலமாரிக்குப் பின்னால் தள்ளினார். "இனி இதைத் தொடமாட்டேன். யார் கேட்டாலும் கொடுத்துடு" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். என் மனைவி சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தாள். உப்பை இரண்டு தடவை போட்டாள். நாளுக்கு மூன்று முறை அந்தத் தெருவுக்கு ஓடினாள். நான் உப்புக் கரிக்கக் கரிக்கச் சாப்பிட்டேன். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை, பரிதாபமாக இருந்தது.

புதன்கிழமை காலையில் மூச்சிரைக்க வந்தாள்.

"உடைஞ்சிடுச்சு! அண்ணே, கண்ணாடி உடைஞ்சிடுச்சு!"

அண்ணி தலையில் கை வைத்தார். "வீடு போச்சுன்னு சொல்ல வந்தவ, எதுக்கு இப்படிச் சிரிக்கிற?"

"நாலு நாளா அங்க ஈ காக்கா இல்ல, அண்ணி. பூட்டு போட்டது போட்டபடி இருக்கு. மேளமும் இல்ல, ஆளும் இல்ல. அதுவா உடைஞ்சிருக்கு. அடித்தளம் இறங்குது. அண்ணன் அடிச்சதால இல்ல!"

மைத்துனர் எழுந்து அலமாரிக்குப் பின்னால் கை விட்டு மேளத்தை இழுத்தார். துணியை அவிழ்த்து மடித்து வைத்தார்.

"உன் வீட்டுச் சுவர் தாங்குமா?" என்று கேட்டார்.

அவள் சுவரைப் பார்க்கவே இல்லை. அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.