தொலைப்பதற்கென்று ஒரு லாக்

எங்கள் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற என்ஜின் நின்றுபோனபோது, நட்ட பயிர் இன்னும் பச்சை பிடிக்கவில்லை. கழனி வெடிக்க ஆரம்பித்திருந்தது. அப்பாவுக்குச் சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை, அந்த வாரம் நைட் ஷிப்டு. அம்மாவின் வேலைக்கு ஷிப்டெல்லாம் கிடையாது. இரண்டு பேருமே சரியாகத் தூங்காதவர்கள் என்று இப்போது தெரிகிறது. அப்போது, பெரியவர்களுக்குக் கண் சிவப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

பிஸ்டன் தேய்ந்து பிடித்துக்கொண்டது. புதுப் பிஸ்டன் வாங்க மந்தாரக்குப்பம் போனபோது, அப்பா என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக்கொண்டார். பிஸ்டனின் குறுக்கே கட்டைவிரல் பருமனில் ஒரு பின் போகும். பிஸ்டனையும் அது தள்ளுகிற ராடையும் கோத்துப் பிடிப்பது அதுதான். அது பக்கவாட்டில் நழுவிவிடாமல் இரண்டு முனையிலும் காடி என்கிற பள்ளத்துக்குள் ஒரு கம்பி வளையம் உட்காரும். அதற்கு லாக் என்று பெயர். பார்க்க மெட்டி மாதிரியே இருக்கும். மெட்டிக்கு இருப்பதுபோல் அதற்கும் வாய் திறந்திருக்கும்.

கடைக்காரர் ஒரு டப்பா லாக்கைப் பேப்பரில் கொட்டினார். அப்பா பட்டையாக இருந்ததையெல்லாம் ஒதுக்கினார். எங்கள் பிஸ்டனில் காடி உருண்டை. பட்டை லாக் அதில் பாதிதான் உட்காரும், ஓடுகிற வேகத்தில் தெறித்துவிடும். கம்பி லாக்குகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் நெருக்கி, விட்டதும் வெடுக்கென்று விரிகிறதா என்று பார்த்தார்.

“இன்னாப்பா, பொண்ணுக்கு மெட்டியா எடுக்கற? இந்நேரம் கல்யாணமே முடிஞ்சிருக்கும்” என்றார் கடைக்காரர்.

“மெட்டி கழண்டா ஊரு பேசும். இது கழண்டா என்ஜினே பேசாதுங்க.”

கடைசியில் மூன்று எடுத்தார். வேண்டியது இரண்டுதானே என்று வழியில் மெதுவாகக் கேட்டேன்.

“தொலைக்கறதுக்கு ஒண்ணு” என்றார்.

தொலைப்பதற்கென்றே ஒன்றை வாங்குவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அதை அப்படியே நம்பியும் விட்டேன்.

மறுநாள் காலையில் ஷிப்டு முடிந்து வந்தவர், பழையதைக் குடித்துவிட்டுப் படுக்காமல் என்ஜினிடம் உட்கார்ந்தார். பழைய பிஸ்டனிலிருந்து இரண்டு லாக்கையும் நெம்பி எடுத்து, மண்ணெண்ணெய் இருந்த கொட்டாங்குச்சியில் போட்டார். கழற்றின லாக்கைத் திரும்பப் போடக்கூடாதாம். ஒருமுறை நெம்பிவிட்டால் அப்புறம் அதற்கு விரிகிற வீம்பு இருக்காதாம்.

ராடு மட்டும் மொட்டையாக நிமிர்ந்து நின்றது. அதைச் சுற்றி, எண்ணெய் நிற்கிற அடித்தொட்டியின் வாய் திறந்து கிடந்தது. ஏதும் உள்ளே விழாமல் அந்த வாயைப் பழந்துணியால் மூடிப் பிடித்துக்கொள்வது அம்மாவின் வேலை. குட்டையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, கத்திரிச் செடிக்காவது உயிர் இருக்கட்டும் என்று ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவள் அவள்.

அப்பா பிஸ்டனைக் கொதிநீரில் சூடேற்றி, ராடின் தலையில் கவிழ்த்துப் பின்னைத் தள்ளினார். முதல் லாக் ‘டக்’கென்று காடியில் உட்கார்ந்தது. அதன் வாயைத் திருப்புளி முனையால் கீழ்ப்பக்கம் திருப்பிவிட்டு, மறுபக்கத்துக்கு வந்தார். அம்மாவின் தலை மெதுவாகக் கவிழ்ந்தது. கை இருந்த இடத்தில்தான் இருந்தது. துணி ஒரு பக்கம் சரிந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் குறடு வழுக்கி, எங்கேயோ ‘டிங்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

“துணி இருந்துச்சா?” என்றார் அப்பா.

அம்மா விழித்துக்கொண்டாள். “இருந்துச்சிங்க.”

என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் எனக்குச் சட்டென்று பேச்சு வராது.

மூன்றாவது லாக்கை எடுத்துப் போட்டார். அது ஒழுங்காக உட்கார்ந்தது. தொலைக்க வாங்கினது தொலைந்துவிட்டது, எல்லாம் சரிதானே என்று நான் நினைத்தேன். ஆனால் அப்பா மண்டிபோட்டு மண்ணைத் துழாவ ஆரம்பித்தார். அம்மா வீட்டிலிருந்து சல்லடையைக் கொண்டுவந்து மண்ணைச் சலித்தாள். வரப்பு வழியே வந்த பெரியப்பா நின்று பார்த்தார்.

“இன்னாடா, சொரங்கத்துல தோண்டனது பத்தலியா? இங்கயும் தோண்டிக்கினு கீற?”

“லாக்கு ஒண்ணு பறந்துட்ச்சிண்ணா.”

“வேற இல்லியா?”

“அது போட்டாச்சி.”

“போட்டுட்டு அப்பறம் இன்னாத்தடா தேடற?”

“உள்ள வுழுந்திருந்தா? ஓடறப்ப எங்கனா மாட்டிச்சின்னா என்ஜின் ரெண்டா பொளந்துடும்.”

பெரியப்பா சிரிப்பை நிறுத்திவிட்டு அவரும் கொஞ்சம் குனிந்து தேடினார். அப்புறம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பா அடித்தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுப் பார்த்தார். கைக்கு எட்டாத மூலை ஒன்று இருந்தது. அதையும் பார்க்க வேண்டுமென்றால் என்ஜினை மேடையிலிருந்து இறக்கிக் கவிழ்க்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். ஆட்களெல்லாம் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அப்பாவும் சாயங்காலம் கிளம்பியாக வேண்டும்.

“நாளைக்கித்தான் பாக்கணும்” என்றார்.

“நாளைக்கிப் பயிரு இருக்காதுங்க” என்றாள் அம்மா.

அப்பா கிணற்றின் மறுபக்கம் போய்த் தேடினார். அம்மா எழுந்து, கொட்டாங்குச்சியில் கிடந்த பழைய லாக் ஒன்றை எடுத்தாள். முந்தானையில் துடைத்தாள். கொஞ்சம் மண்ணைத் தொட்டு அதன்மேல் பூசினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என்னை அவள் பார்க்கவே இல்லை.

“இந்தாங்க, கெடச்சிட்ச்சி” என்றாள்.

“எங்க கெடந்துச்சி?”

“அந்தக் கல்லு இடுக்குல.”

ஒரு லாக் காணோம், ஒரு லாக்கைக் கொடுத்துவிட்டாள், அம்மா கெட்டிக்காரி என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்பா அதை வாங்கி இரண்டு விரலால் நெருக்கினார். விட்டுப் பார்த்து, மறுபடியும் நெருக்கினார். அப்புறம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“செரி, மூடிடலாம்.”

வெயில் தாழ்வதற்குள் என்ஜின் ஓடியது. பயிர் பிழைத்தது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. என்ஜின் சத்தம் துளி மாறினாலும், அம்மா களைக்கொத்தைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவாள். சத்தம் சரியான பிறகுதான் குனிவாள். ராத்திரியில் வாசலில் கட்டில் போட்டாலும் புரண்டுகொண்டே இருப்பாள். அப்பா ஷிப்டு முடிந்து வந்ததும், வரப்பில் சைக்கிளைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவார். இரண்டு பேருக்கும் அந்த என்ஜின் மேல் அவ்வளவு ஆசை என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் சுரங்கம் எங்கள் பக்கம் வந்தது. கிணற்றோடு கழனியை எழுதி எடுத்துக்கொண்டார்கள், தோண்டத்தான் இன்னும் வரவில்லை. கிணறே போன பிறகு என்ஜினை வைத்துக்கொண்டு என்ன செய்வது? குள்ளஞ்சாவடியிலிருந்து ஒருவர் அதை வாங்க வண்டியோடு வந்தார். அம்மா அவருக்கு மோர் கொண்டுவந்தாள்.

“ஓட்டம் எப்பிடிங்க?” என்று அவர் கேட்டார்.

“நல்லா ஓடும்” என்றார் அப்பா. “மேடையில ஏத்தறதுக்கு முன்னாடி அடித்தொட்டியக் கவுத்து ஒருவாட்டி பாத்துடுங்க. லாக்கு ஒண்ணு உள்ள கெடக்கலாம்.”

அம்மா மோர்ச் சொம்போடு அப்படியே நின்றாள். என்ஜினை ஏற்றிக்கொண்டு வண்டி திரும்பி ரோட்டில் ஏறியது.

“அப்பவே தெரியுமா?” என்றாள்.

“ஒனக்கும் தூக்கம் வந்துச்சி, எனக்கும் தூக்கம் வந்துச்சி” என்றார் அப்பா.

அம்மா காலி மேடைமேல் உட்கார்ந்தாள். சொம்பைப் பக்கத்தில் வைத்தாள். அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்தவள், பட்டப்பகலில், அந்த வெயிலில், வாய் லேசாகத் திறந்தபடி தூங்கிப்போனாள். எழுப்பப் போன என்னை அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். கழனி போய், கிணறு போய், என்ஜினும் போன அன்றைக்கு இவளுக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.