குடங்களாகிப் போன கோப்பைகள்

என் கணவர் பழைய வெள்ளித் தேநீர்க் கோப்பைகளைச் சேர்ப்பது, அறுபதாம் கல்யாணத்துக்குக் குடம் செய்வதற்காகத்தான் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். வெள்ளியை வேறு எதற்குச் சேர்ப்பார்கள்? அவர் அந்த நம்பிக்கையைத் திருத்தவில்லை. அதன் மறைவில்தான் அவரால் தடையின்றி வாங்க முடிந்தது.

வாய்க்கால் மதகுகளைப் பார்வையிடும் உத்தியோகம் அவருக்கு. சீர்காழிப் பக்கமோ கும்பகோணத்துக்கோ போனால், வேலை முடிந்ததும் வெள்ளிக் கடைக்குள் நுழைந்துவிடுவார். உருக்குவதற்காக வந்து கிடக்கும் பாத்திரங்களுக்கு நடுவே எப்போதாவது ஒரு கோப்பை அகப்படும். துரைமார் வந்தால் தேநீர் கொடுப்பதற்கென்று அந்தக் காலத்து மிராசுதார்கள் செய்து வைத்தவை. கொடி சுற்றிய கைப்பிடி, மெலிந்த விளிம்பு, அடியில் புள்ளி புள்ளியாக வெட்டிய யாரோ ஒருவரின் பெயர். அந்தப் பெயர்களுக்காகவே அவர் வாங்கினார் என்பது எனக்குத் தெரியும். கோப்பையைக் கவிழ்த்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எழுத்துக்கூட்டிப் படிப்பார். "யார் வீட்டு மருமகளோ" என்பார். பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி பீரோவில் வைப்பார்.

அவருடைய அக்காவுக்குச் சிரிப்புத் தாங்காது. "காப்பியத் தவிர வேற எதையும் வாயில வைக்காத பய, டீக் கப்பா வாங்கிக் குவிக்கிறான் பாரு!"

"அதுல குடிச்சா ஒதடு வெந்துடும்க்கா. சும்மா பாக்கத்தான்."

"பாக்க என்னடா இருக்கு? கொடம் ஆனப்புறம் பாத்துக்க."

அவர் சிரித்து மழுப்பிவிடுவார்.

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் என்று முடிவானதும், சென்னையிலிருந்து எங்கள் மகன் முன்னதாகவே வந்து எல்லாவற்றையும் தானே ஏற்றுக்கொண்டான். மண்டபம், சமையல், எதிலும் எங்களைத் தலையிட விடவில்லை. "நீங்க வந்து உக்காந்தா போதும்பா" என்றான். பத்திரிகை வைக்க நாங்கள் இருவரும் பேராவூரணி போயிருந்த ஒரு பகலில், அவனும் அவன் அத்தையுமாகப் பீரோவைத் திறந்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது.

ஹோமம் முடிந்து, அபிஷேகத்துக்காக எங்களைப் பலகையில் உட்கார வைத்தபோதுதான் அந்த இரண்டு புதுக் குடங்களையும் பார்த்தோம். நூல் சுற்றி, மாவிலை செருகியிருந்தார்கள். மகன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு குனிந்தான். முகமெல்லாம் பூரிப்பு.

"அப்பா, எல்லாம் உங்க வெள்ளிதான்! ஒரு கப்பு விடாம உருக்கிச் செஞ்சாச்சு. நீங்க ஆசப்பட்ட மாதிரியே."

என் தோளை ஒட்டியிருந்த அவருடைய தோள் மெல்லத் தாழ்ந்தது. நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"கனமா இருக்கும்பா. பாத்து ஊத்து."

தண்ணீர் இறங்கியது. சொந்தங்கள் ஒவ்வொருவராக வந்து ஊற்றினார்கள். அந்த நேரத்தில் நனைந்த முகத்திலிருந்து எவராலும் எதையும் படித்துவிட முடியாது. அது ஒரு சௌகரியம்.

திரும்பும்போது காரில் நாங்கள் இருவர்தான் பின்னால் இருந்தோம். "அவன்கிட்ட நான் சொல்லட்டுமாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"வேணாம். எத்தன ஆசையா செஞ்சிருக்கான் புள்ள. தெரிஞ்சா அந்தக் கொடத்த ஏறெடுத்துப் பாக்கமாட்டான்." வயல்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாயத் தொறந்து சொல்லாம இருந்தது நான்தானே."

அதற்குப் பிறகு அவர் எந்த வெள்ளிக் கடைக்கும் போகவில்லை. அந்தப் பெயர்களில் ஒன்றிரண்டை மட்டும், சாப்பிடும்போதோ தாழ்வாரத்தில் நடக்கும்போதோ, திடீரென்று சொல்லிப் பார்ப்பார். நான் காதில் விழாததுபோல இருந்துவிடுவேன். கடைசியில் நினைவு தப்பிக் கிடந்த நாட்களில்கூட மகனிடம் வாய்தவறி எதுவும் சொல்லிவிடவில்லை.

மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் குடங்களை எடுத்துக் கூடத்தில் வைக்கச் சொல்கிறான். இந்த ஊர் ஈரத்தில் வெள்ளி சீக்கிரம் கறுத்துப்போகிறது. விபூதி போட்டுத் துலக்குகிறேன், மணிக்கட்டு வலிக்கிறது. அவன் தன் பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்தி, தாத்தா ஆசைப்பட்டதை நான் செய்து கொடுத்தேன் என்று பெருமையாகச் சொல்கிறான். நான் தலையசைக்கிறேன். அது அப்படியல்ல என்று அறிந்தவர்களில் இப்போது நான் ஒருத்திதான் இருக்கிறேன்.