சூளை பிரிக்கும் நாளில் நரி முகம்

வைகாசிக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு எனக்கு வேலை எதுவும் இல்லை. தோழி கவிதாவுக்கு இருந்தது. அவள் நரிகளின் மரபணுவை ஆராய்பவள். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறைக்குப் பின்னால் ஆளைக் கண்டு ஓடாத குள்ளநரிகள் இருப்பதாகக் கேள்விப்பட்டு, அவற்றின் எச்சத்தைப் பொறுக்கக் கிளம்பினாள். கூட வந்தால் மங்கலம்பேட்டையில் பிரியாணி வாங்கித் தருவதாகச் சொன்னாள். அறிவியலுக்கு நான் தொண்டு செய்யப் போனது இப்படித்தான்.

விழுப்புரத்தில் பதினொரு மணி பஸ். உளுந்தூர்பேட்டை வழியாக அறுபது கிலோமீட்டர். வழியில் மங்கலம்பேட்டையில் இறங்கிச் சாப்பிட்டதால் விருத்தாசலம் சேர இரண்டரை ஆகிவிட்டது. ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய். "நரி பாக்கவா இம்மாந்தூரம் வந்தீங்க?" என்று டிரைவர் இரண்டு முறை கேட்டார்.

பஸ்ஸில் கவிதா பாடம் நடத்தியிருந்தாள். ரஷ்யாவில் பண்ணை நரிகளில் மனிதரிடம் பயமில்லாதவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனம் பெருக்கினார்களாம். கடைசியில் நாய்க்குட்டிபோல வாலாட்டும் நரிகள் பிறந்தன. அந்தச் சாதுக் குணம் மரபணுவில் எங்கெங்கே இருக்கிறது என்று இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது.

பட்டறை செல்வம், ஆரோக்கியமேரி தம்பதியுடையது. ஃபியூஸ் கட்டையும் சின்னச் சின்னப் பொம்மைகளும் செய்கிறார்கள். பின்புறம் உடைந்த பீங்கான் மேடு. அதன் அடியில்தான் நரி வளை. நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று நாம் வாயால் சொல்வதோடு சரி. செல்வம் அதை ஏற்பாடே செய்துவிட்டார். சூளையைப் பிரித்துச் சுட்ட சாமான்களை வெளியே எடுப்பதற்கு முதல் நாள் சாயங்காலம் கருவாட்டுத் தலை போட்ட சோறு வைத்தால், விடியற்காலையில் நரி தட்டின் பக்கத்திலேயே நிற்குமாம். அதைப் பார்த்த பிறகுதான் சூளையில் கை வைப்பார்.

மேரி டீ கொடுத்துவிட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்தார். போன மாதம் தாய் நரி மெயின் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துவிட்டது. ஹாரன் அடித்தும் நகரவில்லையாம். இரண்டு குட்டிகள் மிச்சம்.

"பயமில்லாதது அதுங்க ரத்தத்துலயே இருக்குதாங்க? இல்ல, நான் வச்ச சோத்தால வந்துதா?"

கவிதா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். ஒரு நரிக் குடும்பத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, இரண்டும் கலந்திருக்கலாம், ரத்தத்தில் இருப்பதை மாற்ற முடியாது, சோற்றை நிறுத்தலாம் என்றாள். வளை வாசலில் எலி ரோமம் கிடந்ததைக் காட்டி, அப்பன் நரி இரை கொண்டுவருகிறது, குட்டிகள் பட்டினி கிடக்காது என்றும் சொன்னாள். மறுநாள் சூளை பிரிக்கும் நாள். செல்வம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மேரி அன்று சோறு வைக்கவில்லை.

லாட்ஜில் அறை எண்ணூறு ரூபாய். விடிந்ததும் பட்டறைக்குப் போய்விட்டோம். குட்டிகள் இரண்டும் தட்டு இருக்கும் இடத்துக்கு வந்து மோந்து பார்த்தன. மேரி விரட்டுவதற்காகக் கையைத் தட்டினார். ஒன்று பாய்ந்து ஓடிவிட்டது. இன்னொன்று அப்படியே நின்று அவரைப் பார்த்தது. ஒரே தாய், ஒரே சோறு, குணம் மட்டும் வேறு. கவிதா என் கையைக் கிள்ளினாள்.

மேரி ஈரக் களிமண்ணை உருட்டி எறிந்தார், மேலே படாதபடி பக்கத்தில். குட்டி நகரவில்லை. இரண்டாவது உருண்டையை எறியும்போது அவர் அழுதுகொண்டிருந்தார். அது காலடியில் விழுந்து சிதறியதும் குட்டி துள்ளித் திரும்பி முள்ளுக்காட்டுக்குள் ஓடியது.

"மூஞ்சியக் காட்டாம போயிடுச்சு. வாலத்தான் பாத்தன்" என்றார் அப்போதுதான் பின்புறம் வந்த செல்வம்.

"இனிமே வாலு போதுங்க. சூளையப் பிரிங்க."

பிரித்தார். வழக்கம்போலச் சிலது விரிசல், மற்றதெல்லாம் நல்ல வெள்ளை. எனக்கு ஒரு குட்டி யானை பொம்மை கிடைத்தது. திரும்பும் பஸ்ஸில், வீட்டுக்கு வாங்கிய பிரியாணிப் பொட்டலத்தையும் நரி எச்சத்தையும் கவிதா ஒரே பையில் வைத்திருந்ததைத் தவிர எனக்கு எந்தக் குறையும் இல்லை.

போகிறவர்களுக்கு: வெயிலுக்குத் தொப்பி, பீங்கான் சில்லுக்குக் கெட்டியான செருப்பு எடுத்துக்கொள்ளுங்கள். பட்டறைக்குள் கேட்டுவிட்டு நுழையுங்கள். பையில் பிஸ்கட் வேண்டாம். அங்கே ஒரு நரி உங்களைப் பார்த்ததும் தலைதெறிக்க ஓடினால் வருத்தப்படாதீர்கள். மேரியிடம் போய்ச் சொல்லுங்கள், இன்னொரு டீ கிடைக்கும்.