கிளிமூக்குச் சிட்டின் காலில் மூன்றாவது சீட்டு

ஞானேஸ்வரி வேலை செய்யும் அருங்காட்சியகத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்குத்தான் கரைச்சல். சுவிஸ் நகரமான வின்டர்தூரிலிருந்து ரயிலில் அரைமணி நேரம் என்பது போதும். பன்னிரண்டு வருடம் அந்தக் கட்டிடத்தின் தரையைத் துடைத்தாள். பிறகு, கை நிதானமானவள், எதையும் உடைக்கமாட்டாள் என்று கண்டு நிலவறைக்கு அனுப்பினார்கள். அங்கே இழுப்பறை இழுப்பறையாகப் பஞ்சடைத்த பறவைகள். ஒவ்வொன்றின் காலிலும் நூலால் கட்டிய ஒரு சீட்டு. பழைய தோல்களில் நஞ்சு பூசியிருக்கும் என்பதால் கையுறை போட்டுத்தான் தொடவேண்டும். சீட்டில் உள்ளதைப் பார்த்துக் கணினியில் பதிவது அவள் வேலை. பறவையைப் பார்ப்பது அவள் வேலை இல்லையாம். கண் இருந்தால் பார்க்கத்தானே செய்யும்?

இந்த வருடம் தை மாதம் ஆபிரிக்கப் புல்வெளிச் சிட்டுகளுக்கு வந்து சேர்ந்தாள். மொத்தம் இருபத்துமூன்று. எல்லாம் சாம்பல் தலை, செம்மண் நிற முதுகு, சீட்டிலும் ‘சாம்பல்தலைச் சிட்டு’ என்ற ஒரே பெயர். ஆனால் வட கென்யாவிலிருந்து வந்த நாலு மட்டும் அவளை மேலே போகவிடவில்லை. உடம்பு பெரிது. மூக்கோ அதைவிடப் பெரிது, கிளிக்கு இருக்கிறமாதிரித் தடித்த மூக்கு.

புத்தகம் தேடி எடுத்துப் படித்தாள். முன்பு ஐந்து சிட்டுகளை ஒரே இனமென்று ஒன்றாகக் கட்டி வைத்திருந்தார்கள், பிறகு பிரித்தார்கள், எல்லைகளில் அவை கலக்கின்றனவே என்று இன்னமும் முணுமுணுப்பவர்கள் உண்டு. அந்த ஐந்தில் ஒன்று கிளிமூக்குச் சிட்டு. மூன்று கிழமையாக, ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாணைக் கடித்துவிட்டுக் கைகழுவி வந்து, இருபத்துமூன்று மூக்கையும் அளந்தாள். பெப்ரவரி பதினொன்றாம் தேதி அளந்து முடிந்தது. அந்த நாலும் தனியாகத்தான் நின்றன.

அளவுகளை எழுதிய தாளைப் பொறுப்பாளர் டாக்டர் வைட்மனிடம் கொண்டுபோனாள். மனுஷன் கண்ணாடியைக்கூடப் போடவில்லை, வாங்கி மேசையில் போட்டார்.

“ஃப்ராவ் ஞானி, இதெல்லாம் நிபுணர்கள் பேசவேண்டிய விஷயம். நீங்கள் சீட்டில் உள்ளதைப் பதிந்தால் போதும்.”

ஞானி! இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அவள் பெயரை அவர் முழுதாகச் சொன்னதில்லை. நீளமாம், வாயில் வராதாம். குருவிகளின் லத்தீன் பெயர்கள் மட்டும் எப்படித்தான் தண்ணீர்பட்டபாடாக வந்ததோ!

மே மாதம் வெளிநாட்டிலிருந்து பறவை ஆய்வாளர் ஒரு பெண் வந்தார். ஞானேஸ்வரி தட்டை ஏந்திக்கொண்டு நிற்க, அவர் குனிந்து பார்த்தார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“இந்த நாலும் கிளிமூக்கு அல்லவா?”

“ஆமாம், எனக்கும் அந்தச் சந்தேகம்தான்,” என்றார் வைட்மன். “அளந்தும் வைத்திருக்கிறேன்.” நீட்டியது ஞானேஸ்வரியின் தாளை. அவள் தட்டைக் கீழே போடாமல் நின்றதே பெரிய காரியம்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. பறவையை இனங்கண்டவர் தன் பெயரையும் தேதியையும் எழுதிய சீட்டை அதன் காலில் கட்டவேண்டும். பழைய சீட்டு பிழையாக இருந்தாலும் அதை ஒருவரும் அவிழ்க்கக்கூடாது. முதல்நாளே இதை அவளுக்குச் சொல்லித்தந்தவர் வைட்மன்தான். அன்று பின்னேரம் அவரே நாலு புதுச் சீட்டுகளைக் கொண்டுவந்து, கட்டச் சொல்லி அவளிடமே கொடுத்தார். ‘இனங்கண்டவர்: டாக்டர் வைட்மன்.’ அநியாயத்துக்கு எடுபிடியும் அவளே!

வீட்டில் கணவர் தம்பித்துரை, ஷாஃப்ஹவுசனில் ஒரு உணவகத்துச் சமையல்காரர், சமாதானம் சொன்னார். “விடுமப்பா. குருவிக்கு ஆரின்ரை பெயரைக் கட்டினால் உமக்கென்ன?”

“நீங்கள் காய்ச்சின குழம்பைத் தான் காய்ச்சினது எண்டு உங்கடை முதலாளி சொன்னால் பேசாமல் இருப்பியளோ?”

தம்பித்துரை குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

மறுநாள் காலை அவள் வைட்மனின் நாலு சீட்டுகளையும் ஒழுங்காகக் கட்டினாள். பிறகு இன்னும் நாலு எடுத்து, எழுத்தைப் பொடியாக்கி எழுதினாள். ‘இனங்கண்டவர்: ஞானேஸ்வரி தம்பித்துரை. 11 பெப்ரவரி.’ அதையும் கட்டி முடிச்சை இறுக்கினாள்.

பத்து மணிக்கு வந்த வைட்மனுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன இது? கழற்றுங்கள்.”

அவள் கத்தரிக்கோலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

“எந்தச் சீட்டையும் கழற்றக்கூடாது என்று நீங்கள்தானே சொல்லித்தந்தீர்கள், ஹெர் டாக்டர். வேண்டுமென்றால் நீங்களே வெட்டுங்கள்.”

அவர் கத்தரிக்கோலைப் பார்த்தார், தொடவில்லை. சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குருவியின் காலருகே குனிந்தார். தன் தேதியைப் பார்த்தார், மூன்று மாதம் முந்திய அவள் தேதியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக, திக்கித் திக்கி, அவள் பெயரை முழுதாக வாசித்தார்.

“ஓம்,” என்றாள் அவள் தமிழிலேயே, “அதுதான் என்ரை பேர்.”