சாப்பிடும்போதும் ஆணியா?

சோபா மேஸ்திரி மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவர். ஆனால் நாற்பது வருடத்தில் அவர் கைபடாத சோபா அந்தப் பக்கத்தில் கிடையாது. ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், ஒரு கை சுத்தியலைப் பிடிக்கும். குட்டி ஆணிகளுக்கு இடது கன்னம்தான் பெட்டி. நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுப்பார். யாரும் சொல்லித் தராத வித்தை என்று அவரே பெருமையடிப்பார்; இன்னொருவர் வேலையை அவர் பாராட்டி யாரும் கேட்டதில்லை. ஒன்றைக்கூட விழுங்கியதில்லை.

அதனால்தான் இடது காதுக்குக் கீழே உப்பியபோது ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. பட்டறையில் எல்லோரும் ஆணி என்றே நினைத்தார்கள். வலியும் இல்லை. இரண்டு வருடம் ஓடிப்போனது. ஒருநாள் சாப்பாடு போட்ட மனைவி கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"சாப்பிடும்போதும் வாயில ஆணியா?"

"அப்பவே துப்பிட்டேனே."

"அப்ப இது என்னங்க?"

தொட்டுப் பார்த்தாள். கோலிக்குண்டு போல விரலுக்கடியில் நகர்ந்தது.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சிச் சோதித்தார்கள்.

"எச்சில் சுரப்பியில கட்டி. புற்றுநோய் இல்ல," என்றார் டாக்டரம்மா. "ஆனா விட்டுவைக்கக் கூடாது. வளரும், நாளாக ஆக குணம் மாறினாலும் மாறும்."

"எடுத்துடுங்கம்மா, அதுக்கென்ன?"

"முகத்தை அசைக்கிற நரம்பு அந்தச் சுரப்பி வழியாத்தான் கிளை கிளையாப் போகுது. அதுக்கு அடிபட்டா கண் மூடாது, உதடு கோணிக்கும்."

மேஸ்திரியின் விரல் உதட்டுக்குப் போனது. கோணின உதட்டில் ஆணி எப்படி நிற்கும்? யார் முன்னாலும் குனியாத மனிதர் கைகூப்பினார்.

"அந்த உதடுதாம்மா என் பொழப்பு."

காதோரமாகக் கீறி, நரம்பைக் கிளை கிளையாக ஒதுக்கி, கட்டியை முழுசாக எடுக்க மூன்றரை மணி நேரம் ஆனது. மேஸ்திரி கண் விழித்ததும் டாக்டரம்மா சொன்னார்:

"கண்ணை இறுக்கி மூடுங்க."

மூடியது.

"பல்லைக் காட்டுங்க."

கீழுதட்டின் இடது ஓரம் மட்டும் சோம்பலாகக் கிடந்தது.

"பயப்படாதீங்க. நரம்பு முழுசா இருக்கு, அசந்து போயிருக்கு. கொஞ்ச நாள்ல எழுந்துக்கும்."

எடுத்த கட்டியைச் சோதித்ததிலும் கெடுதல் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஆனால் வீட்டில் தண்ணீர் குடித்தால் பாதி சட்டைக்குப் போனது. தினமும் கண்ணாடி முன் நின்று கன்னத்தை ஊதினார்; காற்று புஸ்ஸென்று போய்விடும். ஏழாவது வாரம் ஒரு காலை, போகவில்லை. உதடு ஒரு ஆணியைப் பிடித்தது, பிறகு மூன்றை.

அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா சொன்னார்: "நல்ல உடம்பு மேஸ்திரி உங்களுக்கு. சீக்கிரமே தேறிட்டீங்க."

வேறு நாளாக இருந்தால் தன் உடம்பைப் பற்றி அரைமணி நேரம் பேசியிருப்பார். அன்று தலையை ஆட்டினார்.

"என் உடம்புல என்னம்மா இருக்கு? எல்லாம் உங்க கை."

மனைவி பதறிப்போய் முன்னால் வந்தாள்.

"டாக்டர், இவரு இன்னொருத்தரைப் பாராட்டுறாரு! உள்ளே ஏதாவது நரம்பை மாத்தி வெச்சுட்டீங்களா?"